இரண்டாம் முறை எடுத்த ரத்தம்

மகனுக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. உன் கடிதம் நேற்று வந்தது. வேலை முடிந்து வந்து, கால்கூடக் கழுவாமல் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் கசக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்று இருந்தது. ‘நடந்தது நடந்துபோச்சு. நீங்க ஒரு எட்டு கொட்டாம்பட்டிக்குப் போய் ஜெயக்கொடியக் கூட்டிட்டு வந்து கோயம்புத்தூருக்கு ரயிலேத்தி விட்டீங்கன்னா, பொங்கல நாங்க இங்கேயே வச்சுக்குவோம்’ என்று எழுதியிருக்கிறாய். சலவைக்குப் போட்ட வேட்டியை வாங்கி வரச் சொல்வதுபோல் கட்டிய மனைவியைக் கூட்டிவரச் சொல்கிறாய். நான் போகமாட்டேன். ஏன் போகமாட்டேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். எழுதி முடித்ததும் உன் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன். தெருவில் யார் கேட்டாலும் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். ஒளித்து ஒளித்து வைத்துத்தான் இந்த வீடு இந்தக் கதிக்கு வந்திருக்கிறது.

வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைக்குத் தாய் எழுதினால் நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்று எழுதுவாள். தன்னிடமும் ஒரு குறை இருந்தது என்று ஓரிடத்தில் எழுதிப் பிள்ளையின் மனத்தை ஆற்றுவாள். நீயும் அதை எதிர்பார்த்துத்தான் ‘நீங்க நடு வீட்டுல வச்சு அந்தக் கேள்வியக் கேட்டதுனாலதான் இம்புட்டும்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். இல்லை. அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டி வந்தால் அதே நடு வீட்டில் வைத்துத்தான் கேட்பேன். கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை. பதில் தெரிந்தவன் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அதுதான் குற்றம்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். ஜெயக்கொடி நம் விளாங்குடி வீட்டுக்கு வந்தபோது மாமியார் வேலைக்குப் போகிறவள் என்பதையே அவளால் நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி லேபில் நான் என்ன செய்கிறேன் என்று ஒருநாள் கேட்டாள். ரத்தம் எடுப்பேன், அதில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வேன் என்றேன். “எல்லாம் ரத்தத்துல தெரிஞ்சிருமா அத்தே?” என்று கேட்டாள். எதைத் தேடுகிறோமோ அதுதான் தெரியும், தேடாதது தெரியாது என்றேன். அந்தப் பெண் அன்றைக்கு அதை விளையாட்டாகக் கேட்டாளா, மனசில் எதையோ வைத்துக்கொண்டு கேட்டாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் லேபே கதி என்று இருக்க, வீட்டை ஆண்டது என் அக்கா, உன் பெரியம்மா. உன் அப்பா போன நாளிலிருந்து உன்னை வளர்த்தவள் அவள், அதை நான் மறுக்கவில்லை. புது மருமகள் அடுப்படிக்குள் வந்தது அவளுக்கு ஒரு கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது, அதையும் மறுக்கவில்லை.

பங்குனி வரை நன்றாக இருந்தாய். பாங்கில் பதவி உயர்வுப் பரீட்சை என்று விழுந்து விழுந்து படித்தாய். அதற்கப்புறம் ஆள் மாறிப்போனாய். பேசினால் ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை கிடையாது. மூக்கு எப்போதும் அடைத்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து காரணம் இல்லாமல் அழுதாய். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே வைகை ஆற்றில் நிற்க, நீ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாய். ஜெயக்கொடி அடுப்படியில் இருந்தால் அடுப்படி வாசலில் போய் உட்காருவாய், அவள் கொல்லைக்குப் போனால் கொல்லைக்குப் போவாய். அக்காவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? புருஷனை மயக்கிக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்கள் இடுமருந்து என்று ஒரு பொடியைச் சோற்றிலும் பாலிலும் கலந்து கொடுப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா, அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். கிணற்றடியில் நாலு பெண்களிடம் சொன்னாள். நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரிடம் சொன்னார்கள்.

நான் உன்னை எங்கள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நாடி பார்த்தார், ரத்தக் கொதிப்புப் பார்த்தார். இந்த வயதில் இவ்வளவு இறங்கியிருக்கக் கூடாதே என்று முகத்தைச் சுளித்தார். ஏதாவது மாத்திரை, மருந்து, நாட்டு வைத்தியம், லேகியம் எதுவானாலும் சரி, சாப்பிடுகிறீர்களா என்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த மனிதர் எதையும் விடாமல் கேட்டார் என்பதற்கு நான் சாட்சி, பக்கத்தில்தானே நின்றேன். நீ ‘இல்லை சார்’ என்றாய்.

இந்த இடத்தில் உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கும், வாய் ஞாபகம் இருக்காது. சிம்மக்கல் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு மூலம் வந்தது. மற்ற ஆண்பிள்ளைகள் என்றால் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூசுவார்கள். இவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே பஸ் முழுக்கச் சொன்னார். முன்பக்கம் இருந்த ஒருவர் கருணைக்கிழங்கு சாப்பிடச் சொன்னார், பின்பக்கத்திலிருந்து ஒரு அம்மா துத்தி இலையை வதக்கிக் கட்டச் சொன்னார், இவர் இரண்டையும் செய்தார். பிறகு டாக்டரிடம் போனபோது கிழங்கையும் சொன்னார், இலையையும் சொன்னார், யோசனை சொன்ன அம்மா எந்த நிறுத்தத்தில் இறங்குகிறவள் என்பதையும் சொன்னார். டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். நானும்தான் அன்றைக்கு மானம் போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், அந்த மனிதரின் வாயில் கால்வாசி உனக்கு வந்திருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தப்பித்திருக்கும்.

நீ இல்லை என்று சொன்னதால்தான் டாக்டருக்குச் சந்தேகம் வலுத்தது. எங்கள் லேப் பேராசிரியர் அப்போது ஒரு ஆராய்ச்சியில் இருந்தார். நாட்டு மருந்து சாப்பிட்டு உடம்புக்கு ஆகாமல் வருகிறவர்கள் எதைச் சாப்பிட்டோம் என்று சொல்வதில்லை. அதனால் அந்த வேர்களின் சத்தை ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் உன் ரத்தத்தை அவரிடம் அனுப்பினார். எடுத்தது நான். வேலை செய்ததும் பாதி நான்தான். ரத்தத்தை மெஷினில் சுழலவிட்டுத் தெளிந்த நீரைப் பிரித்து, குளோரோபார்மில் குலுக்கி, அதை வற்றவைத்து, மிச்சம் இருக்கிற துளியை மாவு பூசிய கண்ணாடித் தட்டின் அடியில் பொட்டு வைக்க வேண்டும். தட்டைத் திரவத்தில் நிறுத்தினால் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி திரவம் மேலே ஏறும், பொட்டையும் கூடவே இழுத்துப்போகும். ஒவ்வொரு சத்தும் ஒவ்வொரு உயரத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த உயரம் எந்தச் சத்துக்கு உரியது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்திலேயே தெரிந்த வேரின் சாற்றை ஒரு பொட்டு வைக்க வேண்டும். எதையும் சாப்பிடாத ஒருவரின் ரத்தத்தையும் இன்னொரு பொட்டு வைக்க வேண்டும், அது சும்மா இருக்கிறதா என்று பார்க்க. அந்தச் சும்மா ரத்தம் என்னுடையது. என் கையிலிருந்து எடுத்து வைத்தேன்.

பேராசிரியர் வைத்திருந்த வேர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். சர்ப்பகந்தா வேரை வைத்த தட்டை ஊதா விளக்கின் அடியில் பிடித்தபோது வேர் நின்ற அதே உயரத்தில் உன் ரத்தமும் நீலமாக ஒளிவிட்டது. என் ரத்தம் இருந்த இடம் இருட்டாக இருந்தது. தூக்கத்துக்கும் கொதிப்புக்கும் கொடுக்கிற வேர் அது. அளவு கூடினால் ஆளை மந்தமாக்கும், அழவைக்கும், மூக்கை அடைக்கும், நாடியை இறக்கும். உன் லட்சணம் அத்தனையும் அதில் இருந்தது. பேராசிரியர் ரொம்ப ஜாக்கிரதையான மனிதர். “வேர்ச் சத்து இருக்குன்னு சொல்லலாம்மா. யாரு குடுத்தது, எதுக்குக் குடுத்ததுன்னு இந்தத் தட்டு சொல்லாது” என்றார். அதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். யார் என்று தட்டு சொல்லாது, மகன் சொல்வான் என்று நம்பி வந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். “ஒன் ரத்தத்துல ஒரு வேரு இருக்கு தம்பி. எங்கிட்டிருந்து வந்துச்சு?” என்று கேட்டேன். இவ்வளவுதான் நான் கேட்டது. நீ வாயைத் திறக்கும் முன் அக்கா எழுந்துவிட்டாள். பாலில் பொடியைக் கலக்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள், இப்போது ஆஸ்பத்திரி மெஷினே சொல்லிவிட்டது என்றாள். நான் ஜெயக்கொடியைப் பார்த்து, கலக்கினாயா என்று கேட்டேன்.

“கலக்குனேன் அத்தே.”

“என்ன பொடி அது?”

அவள் உன்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் பார்த்த உன்னைத்தான் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். சிமெண்டுத் தரையில் இருந்த வெடிப்பை, அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டவன்போல, பெருவிரலால் நெருடிக்கொண்டிருந்தாய். அவள் காத்திருந்தாள். நான் காத்திருந்தேன். அக்கா மட்டும் காத்திருக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஜெயக்கொடி, “அதச் சொல்லக்கூடாது அத்தே” என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவளுக்காகப் பேச யாரிடமும் ஒரு வார்த்தை மிச்சம் இல்லை. இவள் கெடுதல் செய்கிற பெண் இல்லை என்று எனக்கு உள்ளே தோன்றியது, ஆனால் தோன்றுவதை வைத்துக்கொண்டு கலக்கினேன் என்று ஒப்புக்கொண்டவளை எப்படிக் காப்பாற்றுவது?

ஆடி பிறந்தது. தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். கிணற்றடிப் பேச்சு அவர் காதுக்கு எட்டியிருந்தது. சீர்த்தட்டை இறக்கிவைத்தவர் நம் வீட்டில் காப்பிகூடக் குடிக்கவில்லை. “போயிட்டு வாரேன் அத்தே” என்று என் காலில் விழுந்துவிட்டுப் போனாள். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆடிக்குப் போயிருக்கிறாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டோம். ஆவணியில் புதுப்பெண்கள் எல்லாம் திரும்பிவந்தார்கள். நம் வீட்டுப் பெண் வரவில்லை.

நடுவில் அந்தக் கூத்து வேறு. மருந்தை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்று அக்கா உன்னை மேலூர்ப் பக்கம் யாரோ ஒருவரிடம் கூட்டிப்போனாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். அவர் ஏதோ இலையைத் தண்ணீர் விட்டுக் கசக்கி உன் உள்ளங்கையில் பிழிந்தாராம், சாறு கொஞ்ச நேரத்தில் நுங்கு மாதிரி உறைந்துபோனதாம், மருந்து இருந்தால்தான் உறையுமாம். பிறகு எதையோ குடிக்கவைத்து வாந்தி எடுக்கவிட்டு, ஒரு உருண்டையைக் காட்டி இதுதான் என்றாராம். அக்கா மிச்ச இலையைச் சாட்சிக்காக முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். பார்த்தால் கட்டுக்கொடி. கண்மாய் வேலி நெடுகப் படர்ந்துகிடக்கிற கொடி. மறுநாள் நான் ஒரு கைப்பிடி பறித்து வந்து கசக்கி, அக்காவின் உள்ளங்கையைப் பிடித்து அதில் பிழிந்தேன். உறைந்தது.

“ஒனக்கு யாருக்கா வச்சது?” என்று கேட்டேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “எனக்கும் அவதான் வச்சிருப்பா” என்றாள்.

“சரி, இந்தத் தம்ளருக்கு?” என்று மிச்சச் சாற்றைத் தம்ளரில் பிழிந்து வைத்தேன். அதுவும் உறைந்தது. கவிழ்த்துக் காட்டினேன், விழவில்லை. அக்கா கோபித்துக்கொண்டு அன்று சாப்பிடவில்லை. அவளைக்கூட நான் மன்னிப்பேன், அவள் நம்பினாள். நீ நம்பவில்லை. உன் வயிற்றுக்குள் போனது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நீ. தெரிந்துகொண்டே கையை நீட்டி இலைச்சாற்றை வாங்கினாய், வாந்தி எடுத்தாய், அந்த உருண்டையைப் பார்த்துத் தலையாட்டினாய்.

புரட்டாசியில் டாக்டர் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மருந்து கொடுத்தவள் போய்விட்டாள் என்றால் இதற்குள் உடம்பு தெளிந்திருக்க வேண்டும், இவர் இன்னும் அப்படியே இருக்கிறாரே என்றார். லேபில் உன்னை உட்காரவைத்து, நரம்பு எடுபட, கையில் ரப்பர் கயிறு கட்டினேன். ஊசி ஏறும்போது “வலிக்குதும்மா” என்றாய். அந்த வாய் அதற்காவது திறந்ததே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். மாட்டேன் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், அதனால் பேசாமல் கொடுத்தாய். அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. அம்மா ஏதோ சர்க்கரை பார்க்கிற மாதிரி பார்ப்பாள் என்று நினைத்தாயோ என்னவோ.

மறுபடியும் தட்டு. வேர் ஒரு பொட்டு, நீ ஒரு பொட்டு, சும்மா ரத்தமாக நான் ஒரு பொட்டு. விளக்கைப் போட்டதும் பேராசிரியர் தட்டை இன்னும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் தடவையைவிட அதிகமாக ஒளிவிட்டது. அவள் வீட்டில் இல்லாமல் ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அவள் கலக்கிய பால் கடைசியாக எப்போது உன் தொண்டையில் இறங்கியது? அப்படியிருக்க உன் ரத்தம் வேரைப்போலவே எரிந்துகொண்டு நிற்கிறது. யார் என்று தட்டு சொல்லாது என்றார்களே, சொல்லிவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பேராசிரியர் தண்ணீர் கொடுத்தார். மகனுக்கு வியாதி என்று தெரிந்தால் தாய்க்கு வருகிற கலக்கம் இல்லை அது. வெட்கம். என் வாழ்நாளில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து உன் பாங்குப் பையைத் தரையில் கொட்டினேன். பொட்டலங்கள் விழுந்தன. அப்புறம்தான் சொன்னாய். பரீட்சைப் பயத்தில் தூக்கம் போனது, பாங்கில் ஒருவர் சிம்மக்கல் சந்துக்குள் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனது, அவர் வேர்ப்பொடி கொடுத்தது. மருந்தின் பெயரை வெளியே சொன்னால் அது பலிக்காது, குடித்தவனுக்கே திரும்பிவிடும், வீட்டுக்காரி கையால் பாலில் கலந்து குடிக்க வேண்டும் என்று அவர் பத்தியம் சொன்னது. நீ ஜெயக்கொடியை உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னது. அவள் போன பிறகு நீயே கலந்து குடித்தது, அவள் போன துக்கத்தில் தூக்கம் இன்னும் கெட, பொடியை இன்னும் கூட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று நான் கேட்டதற்கு என்ன சொன்னாய்? ‘அது பைத்தியத்துக்குக் குடுக்குற வேரும்மா. பாங்குல தெரிஞ்சா என்னைப் பைத்தியம்னு சொல்லுவாக.’

உன்னைப் பைத்தியம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், அவளை மருந்து வைத்தவள் என்று ஊரே சொல்ல விட்டுவிட்டாய். தூக்கம் வரவில்லை என்பது ஒரு அவமானமா? என்னிடம் சொல்லியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பேன். வேரும் தப்பில்லை, வைத்தியமும் தப்பில்லை. எந்த மருந்தானாலும் அளவும் கண்காணிப்பும் வேண்டும், குடிக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது ஒன்றுதான் இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்கிற புத்திமதி. பொடியை டாக்டர் நிறுத்தினார், நீ தெளிந்தாய். தெளிந்தவுடன் என்ன செய்தாய்? கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏறுவாய் என்று பார்த்தேன். கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய்.

ஐப்பசியில் நான் கொட்டாம்பட்டிக்குப் போனேன். இதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. கடலை பிடுங்குகிற சமயம். வீட்டு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஜெயக்கொடி தள்ளி ஓரமாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் தாளாமல் ஒருத்தி தண்ணீர் கேட்டாள். ஜெயக்கொடி பழக்கத்தில் எழுந்து சொம்பை எடுத்தாள். கேட்டவள், வேண்டாம் இருக்கட்டும் என்று தானே எழுந்துபோய்ப் பானையில் மொண்டு குடித்துவிட்டு வந்தாள். ஜெயக்கொடி சொம்பை வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, பழகிவிட்டது. மருந்து வைத்தவள் என்று பெயர் எடுத்த பெண்ணின் கையால் யார் என்ன வாங்கிச் சாப்பிடுவார்கள்? அந்த வீட்டில் அவள் சமைப்பதில்லை, பரிமாறுவதில்லை, அண்ணன் பிள்ளைக்குப் பால்கூட ஆற்றிக் கொடுப்பதில்லை. பெற்ற அப்பாவே பானையில் தானாகத்தான் தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ரத்தத்தைச் சொன்னேன், இரண்டாவது ரத்தத்தைச் சொன்னேன். அவர் கடலைத்தோலைக் கையில் நொறுக்கிக்கொண்டே கேட்டார். “நீங்க நல்ல மனசுல பூசி மெழுகுறீக தாயி. முத தடவ ரத்தத்துல மருந்து இருக்குன்னு சொன்னதும் நீங்கதான், இப்ப அவ வைக்கலங்குறதும் நீங்கதான். எம் மக தப்புப் பண்ணலன்னா கட்டுனவன் ஏன் வரல?” என்றார். என்னிடம் தட்டு இருந்தது, விளக்கு இருந்தது, பேராசிரியர் இருந்தார். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அவளைத் தனியே கூப்பிட்டு, அவன் எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டான், இனி நீ உன் அப்பாவிடம் நடந்ததைச் சொல் என்றேன். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. “அவுக தலையில கைவச்சுச் சொன்னது அத்தே. அவுக வந்து சொல்லட்டும்” என்றாள். நீ அவளை ஒரு வாக்கில் கட்டிப்போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாய், அவள் இன்னும் அந்தக் கட்டை அவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது புரிகிறதா, நான் ஏன் போகமாட்டேன் என்று? நான் கூட்டிவந்தால், மாமியார் பெரிய மனசு பண்ணி மருந்து வைத்தவளை மன்னித்துக் கூட்டிப்போனாள் என்றுதான் கொட்டாம்பட்டி சொல்லும். கோயம்புத்தூரில் நீங்கள் பொங்கல் வைத்து வாழலாம். அவள் தன் அப்பா வீட்டுக்கு ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்தப் பானைப் பக்கம் போகாமல் திரும்ப வேண்டும்.

ஆகவே நீ வா. லீவு இல்லை என்று எழுதாதே. மதுரைக்கு வந்து இறங்கி நம் வீட்டுக்குக்கூட வர வேண்டாம், நேரே திருச்சி ரோடு பஸ் ஏறு. உன் பெரியம்மாவை அனுப்பிவைக்கிறேன், அவளும் அங்கே இருக்க வேண்டும், அவளும் கேட்க வேண்டும். ஆட்கள் கடலை காயவைத்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. வீட்டுக்குள்ளே கூப்பிட்டால் போகாதே, வாசலிலேயே நில். அவள் கையால் ஒரு சொம்பு தண்ணீர் கேள். கொடுத்தால் அத்தனை பேரும் பார்க்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடி. குடித்துவிட்டு, அவள் பாலில் கலக்கியது என்ன, கலக்கச் சொன்னது யார், எதற்காக என்று உன் வாயால் சொல். பைத்தியத்துக்கு என்று உனக்குப் பயமாக இருந்ததே, அதையும் சொல். சத்தமாகச் சொல், அவள் அப்பாவுக்கு ஒரு காது மந்தம்.

அதற்கப்புறம் அவள் உன்னோடு வருவாளா, சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போவாளா என்று எனக்குத் தெரியாது. வரவில்லை என்றால் அவளைக் கெஞ்சாதே, என்னிடம் வந்து அழாதே. நான் அவள் பக்கம் நிற்பேன்.

அன்றைக்குக் கொட்டாம்பட்டியில் எனக்குத் தண்ணீர் கொடுக்க அவள் தயங்கினாள். நான் கேட்டு வாங்கிக் குடித்தேன். பஸ்ஸுக்கு வழியனுப்பக் கூடவே நடந்துவந்தாள். வழியெல்லாம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. பஸ் வந்து, நான் படியில் கால் வைத்த பிறகு, “இப்பத் தூங்குறாகளா அத்தே?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. நீயே போய்ச் சொல்.

உன் அம்மா